வகிடெடுத்த குருவி: பியெப்ஜா சதுப்பில் ஒரு வழிகாட்டிச் சேவை

போன ஜூன் மாதம் போலந்தில், வார்சாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராக்கோவ் போகலாம், உப்புச் சுரங்கம் பார்க்கலாம் என்று அவள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் அப்புறம், முதலில் பியெப்ஜா சதுப்புக்குக் கூட்டிப்போ, வொத்னிச்கா என்ற குருவியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் அந்த நாட்டில் ஏழு வருஷமாக இருக்கிறாள். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

திருநெல்வேலிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். பறவை பார்க்கும் பழக்கம் கூந்தன்குளத்தில் ஒட்டிக்கொண்டது. ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தால் எப்படியும் போய்விடுவேன். எங்கள் வீட்டு மருதாணி வேலிக்குச் செப்டம்பர் கடைசியில் ஒரு பிளைத் நாணல் கதிர்க்குருவி வரும். ஆளைப் பார்ப்பது அரிது. ‘டக், டக்’ என்று இரண்டு கல்லைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் மட்டும் ஏப்ரல் வரைக்கும் வேலிக்குள் இருக்கும். அந்தக் குருவியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான் வொத்னிச்காவும். ஐரோப்பாப் பெருநிலத்தில் கூடு கட்டும் பாடும் பறவைகளில், உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கில் வந்த மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. போலிஷ் மொழியில் ‘வொதா’ என்றால் தண்ணீர். தண்ணீரில் நிற்கும் கோரைப் புல்வெளிதான் அதற்கு வீடு.

இரண்டு தடவை போனோம், இரண்டு வெவ்வேறு சேவைகளில். இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைச் சொல்லாவிட்டால் இரண்டாவதன் அருமை புரியாது என்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமை, வார்சாவிலிருந்து சிறிய பேருந்தில் பதினாறு பேர். சதுப்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. சுள்ளென்று வெயில். வழிகாட்டி பையிலிருந்து கையடக்க ஒலிபெருக்கி ஒன்றை எடுத்து வொத்னிச்காவின் பாட்டைச் சத்தமாகப் போட்டார். நாலைந்து தடவை போட்ட பிறகு புல்லுக்குள்ளிருந்து பழுப்பாக ஏதோ ஒன்று எழும்பி, பத்தடி பறந்து, கல் விழுந்தமாதிரி உள்ளே போய்விட்டது. "பார்த்தாச்சா, போகலாமா?" என்றார். நான் எதையும் பார்க்கவில்லை. அதைவிட, கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதத்தில், எண்ணிக்கை இவ்வளவு குறைந்துபோன ஒரு பறவையிடம் பொய்யாக இன்னொரு பறவையின் குரலைக் காட்டி அதை அலைக்கழிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. நம் ஊரிலும் பலர் இப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒலிபெருக்கி கொண்டுவரும் வழிகாட்டியை முன்பதிவு செய்யும்போதே விசாரித்துத் தவிர்த்துவிடலாம்.

திரும்பி வந்து இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. மகள்தான் தேடித் துருவி, சதுப்பை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஒரு பெண்மணி தனியாக நடத்தும் சேவையைக் கண்டுபிடித்தாள். மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் வந்தது. அதில் விலைப்பட்டியலுக்கு முன்னால் இரண்டு கேள்விகள்: எத்தனை பேர் வருகிறீர்கள், எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க முடியும்? அந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்ததுமே இவர்தான் நமக்கு ஏற்ற ஆள் என்று முடிவுசெய்துவிட்டேன்.

ஒரு தடவைக்கு நான்கு பேருக்கு மேல் அவர் ஏற்பதில்லை. ஆளுக்கு 180 ஸ்வோட்டி. டெலஸ்கோப், கொசுவலை வைத்த தொப்பி இரண்டும் அதில் அடக்கம். செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்திருந்தோம். அன்று காலையிலேயே, காற்று பலமாக இருக்கும் போலிருக்கிறது, புல் ஆடினால் பறவை மேலே ஏறாது, வியாழக்கிழமை வாருங்கள் என்று செய்தி அனுப்பினார். கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை. வந்த வரைக்கும் லாபம் என்று நினைக்கிறவராக இருந்தால் செவ்வாயன்றே எங்களை நிறுத்திக் காற்றைக் காட்டி அனுப்பியிருக்கலாம்.

வார்சாவிலிருந்து காரில் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். சந்திக்கும் இடம் ஜார் சாலையில், வாகனம் நிறுத்தும் ஓரிடம். ரஷ்ய ஜார் ஆட்சியில் ஒசோவியெத்ஸ் கோட்டைக்காகப் போட்ட ராணுவச் சாலை அது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. 1993-ல் இந்த வட்டாரத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். போலந்தின் தேசியப் பூங்காக்களில் இதுதான் பெரியது, ஏறக்குறைய 590 சதுர கிலோமீட்டர்.

மாலை ஆறரைக்கு அவர் வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், அதனால் மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னைப் ‘பானி ப்ரொஃபெசோர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அங்கே மேல்நிலைப் பள்ளி ஆசிரியைகளைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முப்பத்திரண்டு வருஷம் டீச்சர் என்ற சொல்லைக் கேட்ட காதுக்கு அது புதுசாகவும் இதமாகவும் இருந்தது.

ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். வொத்னிச்கா உற்சாகமாகப் பாடுவது அந்த நேரத்தை ஒட்டித்தான். ஆறரைக்கே வரச் சொன்னது பறவைக்காக இல்லை, சதுப்பைக் காட்டுவதற்காக. அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது.

சாலையிலிருந்து வாவ்கி சதுப்புக்குள் த்வூகா லூகா என்ற மரப்பலகை நடைபாதை போகிறது. ஏறக்குறைய 400 மீட்டர். கடைசியில் ஒரு சின்ன மேடை. பாதி தூரத்தில் அவர் நின்றார், குனிந்து தண்ணீரைக் காட்டினார். தண்ணீர் கணுக்கால் அளவுக்கூட இல்லை, கண்ணாடி மாதிரி தெளிவு. அதிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை புல். நான் பலகையில் உட்கார்ந்து, ஒரு தண்டைப் பறிக்காமல் அப்படியே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. மூன்று விளிம்பும் விரலில் தட்டியது.

கோரை! பத்தமடைப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் வீட்டில் பாய்த்தறி இருந்தது. ஆற்றங்கரையில் அறுத்த கோரையைக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நூலை விட மெல்லிசாக ஆக்கிப் பட்டுப்பாய் நெய்வார்கள். புல்லின் தண்டு உருண்டை, கோரையின் தண்டு முக்கோணம் என்பதைப் பாடப் புத்தகத்தைத் திறக்காமலே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். இங்கே இருப்பது வேறு பேரினம், குளிர்நாட்டுக் கோரை. குடும்பம் ஒன்றுதான். என் விரல் போகும் விதத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகள் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிச் சிரித்தார்.

அப்புறம் தோளில் மாட்டியிருந்த துணியுறையிலிருந்து ஒரு பழைய கத்தி அலகை எடுத்தார். அவர் அப்பாவின் ‘கோசா’. நம் அரிவாள் மாதிரி குனிந்து அறுப்பதில்லை. ஆளுயரப் பிடி போட்டு, நின்றபடியே இடுப்பைத் திருப்பி வீசி அறுக்க வேண்டும். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. சாணைக்கல்லைத் தண்ணீர் ஊற்றிய ஒரு கூட்டுக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் அந்தக் காலத்தில் அறுக்கப் போவார்களாம். அறுத்த புல்லைச் சதுப்பிலேயே கம்பம் நட்டு, அதைச் சுற்றிப் போர் போட்டுவிடுவார்கள். ஈரத்தில் வண்டி இறங்காது. டிசம்பர், ஜனவரியில் சதுப்பு உறைந்து கல்லாகும் வரைக்கும் காத்திருந்து, குதிரைச் சறுக்குவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மாட்டுக்கு அதுதான் தீவனம்.

இந்தக் கதையை அவர் எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. கையால் அறுப்பது நின்றுபோனதும் அந்தக் கோரை வெளி அப்படியே இருக்கவில்லை. நாணல் நெருக்கமாக ஏறியது, பின்னாலேயே வில்லோ புதரும் பிர்ச் மரமும் வந்தன. மூடிய இடத்தில் வொத்னிச்கா தங்காது. வேறு பல இடங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், முற்றா நிலக்கரியைத் தோண்டி எடுத்தார்கள். அப்படிப் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கூடு கட்டும் பறவையாக இது இல்லாமலே போய்விட்டது. இப்போது உலகம் முழுவதும் பாடும் ஆண்கள் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்ற அளவில்தான் கணக்கு. பெலாரூஸ், உக்ரைன், போலந்து, லிதுவேனியா என்று கிழக்கே ஒதுங்கிவிட்டது. போலந்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி நாங்கள் நின்ற இந்தப் பியெப்ஜாவில்.

பெண் பறவைகளை ஏன் எண்ணுவதில்லை என்று கேட்டேன். எண்ண முடியாது என்றார். பாடாது, வெளியே தலைகாட்டாது. ஆண் பாடுவதோடு சரி. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டி வளர்ப்பது எல்லாம் பெண் தனியாள். ஒரே கூட்டுக் குஞ்சுகளுக்குத் தகப்பன்மார் வேறு வேறாகவும் இருப்பதுண்டு. தனியாளாக நாலைந்து குஞ்சுக்கு இரை தேட வேண்டும் என்றால் அவளால் தூரம் போய்வர முடியாது. கூட்டைச் சுற்றியே சிலந்தியும் புழுவும் வெட்டுக்கிளியும் மண்டிக் கிடக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அளவுத் தண்ணீர், இந்த அளவுக் கோரை. தண்ணீர் ஏறினால் தரையை ஒட்டிய கூடு மூழ்கும், வற்றினால் பூச்சி குறையும். நான் குனிந்து பார்த்த அந்தக் கணுக்கால் தண்ணீருக்குள் இவ்வளவு இருக்கிறது.

2020 ஏப்ரலில் இங்கே பெருந்தீ பிடித்து 5,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. பனி குறைந்து, வசந்த வெள்ளம் வராமல், காய்ந்து கிடந்த வருஷம் அது. அதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியம்தான் பேசினார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

எட்டு மணிக்கு மேடைக்குப் போனோம். வெயில் சாய்ந்து புல் முழுவதும் பொன்னிறமாகிவிட்டது. கொசு கூட்டம் கூட்டமாக வந்தது. மகள் கையை வீசிக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, சும்மா நில்லு" என்று அதட்டினேன். தொப்பி வலை நன்றாக வேலை செய்தது, ஆனால் சட்டைக் கையின் நுனியில் மணிக்கட்டு தெரிகிற இடத்தில் வாட்டி எடுத்துவிட்டது. நீளக் கைச்சட்டையும் கையுறையும் கொண்டுபோவது நல்லது.

முதலில் ஒன்று பாடியது. கரகர என்று, நிறுத்தாமல், அவசரப் பேச்சு மாதிரி. நான் சட்டென்று நிமிர்ந்தேன். அவர் தலையை ஆட்டி, "ரொகித்னிச்கா" என்றார். அது வேறு கதிர்க்குருவி, அங்கே சாதாரணமாகக் கிடைப்பது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு குரல். ‘டர்ர்ர்ர்’ என்று காய்ந்த ஒரு இழுப்பு, சின்ன இடைவெளி, பிறகு ‘தீ தீ தீ தீ’. மறுபடி இடைவெளி. அவசரமே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையை லேசாகத் தொட்டார்.

முப்பது மீட்டர் தூரத்தில், போன வருஷத்து நாணல் தண்டு ஒன்றின் உச்சி. டெலஸ்கோப்பை அவர் திருப்பி வைத்தார், என் உயரத்துக்குக் காலைத் தாழ்த்தினார், நகர்ந்துகொண்டார். குனிந்து கண்ணை வைத்தேன்.

தலையில் வகிடு! நெற்றியிலிருந்து பின்னந்தலை வரைக்கும் வெண்ணெய் நிறத்தில் நேராக ஒரு கோடு. இரண்டு பக்கமும் கறுப்பு. சீவி வகிடெடுத்து அனுப்பிய பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை மாதிரியே இருந்தது. ரொகித்னிச்காவுக்கு இந்த வகிடு கிடையாது, புருவக்கோடு மட்டும்தான். முதுகில் வைக்கோல் நிறத்தில் இரண்டு பட்டை, நடுவே கறுப்புத் தீற்றல். இளஞ்சிவப்புக் கால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் தண்டைப் பிடித்திருந்தது. காற்றில் தண்டு சாயும்போது அதுவும் சேர்ந்து சாய்ந்தது. ‘டர்ர்ர்’ சத்தம் என் காதுக்கு வருவதற்கு ஒரு நொடி முன்னால் தொண்டையில் இறகு சிலிர்ப்பது தெரிந்தது. முழு உடம்பும் என் சுண்டுவிரலை விட இரண்டு மடங்குதான் நீளம் இருக்கும், எடை 12 கிராம் சொச்சம்.

பிறகு அது எழும்பியது. பாடிக்கொண்டே மேலே சரிவாக ஏறி, இறக்கையை விரித்துப் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வெளிச்சம் மங்கும் வரை ஏழெட்டுக் குரல் சுற்றிலும் கேட்டது. இரண்டாவதாக ஒன்றையும் பார்த்தோம். மகள் கொசுவை மறந்துவிட்டாள்.

இந்த 12 கிராம் உடம்பு ஆகஸ்டில் கிளம்பும். நேராகத் தெற்கே போகாமல் முதலில் மேற்கே போய், பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ வழியாகச் சஹாராவின் அந்தப் பக்கம் இறங்கும். குளிர்காலத்தில் எங்கே இருக்கிறது என்பது வெகுகாலம் சரியாகத் தெரியாமலே இருந்தது. 2007-ல்தான் செனகலில் ஜூஜ் தேசியப் பூங்காவின் வெள்ளப் புல்வெளியில் கண்டுபிடித்தார்கள். மாலியில் நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டாவிலும் தங்குகிறது. அங்கேயும் அதே கணக்குத்தான்: ஆழமில்லாத தண்ணீர், நடுவளர்த்திப் புல்.

சேவையில் குறை என்று சொன்னால், வழியில் கழிப்பறை வசதி இல்லை என்பதை முன்கூட்டியே அவர் எழுதியிருக்கலாம். என் வயதில் நான்கு மணி நேரத்துக்கு அது முக்கியம். ஆங்கிலமோ போலிஷோ தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் போனால் பாதி விஷயம் நழுவிவிடும். மேடையில் சாய்ந்துகொள்ளக் கம்பி இருந்தது, உட்கார அவர் கொண்டுவந்தது ஒரே மடக்கு முக்காலி. எனக்குக் கொடுத்துவிட்டார், ஆனால் நான்கு பேர் போனால் வயதானவர்கள் சொந்தமாக ஒன்று எடுத்துப்போவது நல்லது. வேறு குறை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது பத்தரை மணி. மேற்கே இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. ஜார் சாலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், மூஸ் மான் குறுக்கே வரும் என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நிஜமாகவே ஒன்று வந்தது. குட்டியோடு. விளக்கைத் தணித்துவிட்டு அவை இறங்கிப்போகும்வரை காத்திருந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரைக்கும் திட்டமிடுங்கள். மாலைதான், காலையில் வேண்டாம். காற்று இல்லாத நாளாகப் பாருங்கள், ஒரு நாள் தள்ளிப்போனாலும் சமாளிக்கிற மாதிரி கையில் நாள் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு தனியாக எடுக்க வேண்டும். கோரையைப் பறிக்கக் கூடாது, தொட்டுப் பார்க்கலாம்.

ஆகஸ்டில் அவர் யாரையும் கூட்டிப்போவதில்லை. குஞ்சுகள் எல்லாம் பறந்த பிறகு சதுப்பில் அறுப்பு தொடங்கிவிடும். பெரும்பகுதியைப் பனிச்சறுக்கு விளையாடும் சரிவுகளை மட்டப்படுத்தும் சங்கிலிச் சக்கர வண்டியை மாற்றியமைத்துச் செய்த இயந்திரத்தால் அறுக்கிறார்கள், சதுப்பு அமுங்காமல் இருப்பதற்காக. இயந்திரம் போகாத ஓரங்களில் இன்னும் கோசாதான். அப்பாவின் அலகு தேய்ந்துவிட்டதால் அந்தப் பிடியில் புது அலகு மாட்டி வைத்திருக்கிறார். அந்த மாதம் மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வர நாளாகும்.